ஜீப் ஏன் மக்கர் செய்கிறது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு நீங்கள் சென்றதுண்டா? அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், என் மாணவர்கள் ஐவரை அழைத்துக்கொண்டு அந்த மலைக்குச் சென்றிருந்தேன். வாடகைக்கு ஒரு ஜீப். ஓட்டுநரோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர்.

மாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில், ரப்பர் கருகுவதுபோல ஒரு வாசனை வந்தது. "சார், ஏதோ தீய்கிற நாற்றம் வருகிறதே!" என்றான் ஒரு மாணவன். "ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடு" என்றேன் நான். இருபது ஆண்டுகளாக உராய்வையும் வெப்பத்தையும் பாடம் நடத்துகிறவன் சொன்ன பதில் இது! வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் நான்கைந்து வளைவுகள் சென்றோம். ஓட்டுநரின் முகம் மாறியது. "சார், பிரேக் பெடல் உள்ளே உள்ளே போகிறது" என்றார். நல்ல வேளை, அவர் பதறவில்லை. பெடலை மீண்டும் மீண்டும் மிதித்தபடியே கியரை இரண்டாவதுக்கும், பிறகு முதலாவதுக்கும் குறைத்தார்; ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தார்; பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சரிவை ஒட்டி வண்டியை நிறுத்தினார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால் வியப்பு! பிரேக் பழையபடி கெட்டியாகப் பிடித்தது. "தானே சரியாகிவிட்டது சார்" என்றார் ஓட்டுநர்.

பிரேக் உண்மையில் தானே சரியாகிவிட்டதா? மறுநாள் பட்டறையில் ஒரு வயதான மெக்கானிக் இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொன்னார். அந்த விடையைக் கூறுவதற்கு முன், ஜீப் வகை வண்டிகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

எல்லாருக்கும் தெரிந்த வண்டி

இன்று எஸ்.யு.வி. என்று அழைக்கப்படும் வண்டிகளுக்கு ஜீப்பே மூதாதை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை, 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனத்தார் இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கினர். அந்த வழியில் வந்த பொலிரோ 2000ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. காவல் நிலைய வாசலிலும், வனத்துறை அலுவலகத்திலும், மலைக்கிராமச் சந்தையிலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

அதன் அமைப்பு எளிமையானது. ஏணியைப் போன்ற ஓர் எஃகுச் சட்டம். அதன் முன்புறம் டீசல் எஞ்சின். எஞ்சினின் சுழற்சியை ஒரு நீண்ட தண்டு பின் அச்சுக்குக் கொண்டு செல்லும். பின்புறம் அடுக்கடுக்கான பட்டைகளால் ஆன ஸ்பிரிங். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். பின் சக்கரங்களில் டிரம் பிரேக். காலி வண்டியின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். ஏழு பேர் ஏறினால் ஏறக்குறைய 2000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வகை வண்டிகளில் அடிக்கடி ஏற்படும் கோளாறுகள் எல்லாம் வண்டியைச் செய்தவர்களின் குறைகள் அல்ல. பெரும்பாலானவை சுமையாலும், சூட்டாலும், பராமரிப்புக் குறைவாலும் வருபவை. ஒவ்வொரு கோளாறுக்குப் பின்னாலும் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஏதேனும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது.

மலையின் உயரம் எங்கே போயிற்று?

மலை உச்சியில் நிற்கும் வண்டிக்கு நிலை ஆற்றல் உண்டு. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். 2000 கிலோகிராம் வண்டி 1000 மீட்டர் கீழே இறங்குவதாகக் கொள்வோம். 2000 × 9.8 × 1000 = 1 கோடியே 96 லட்சம் ஜூல்.

வண்டி வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் வேறு எங்காவது போயாக வேண்டும். ஆற்றலை அழிக்க முடியாது என்பது நீங்கள் அறிந்ததுதானே! பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் ஏறக்குறைய எல்லாம் பிரேக்கில் வெப்பமாக மாறும். அது எவ்வளவு வெப்பம்? 30 டிகிரி செல்சியஸில் உள்ள 67 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! நான்கைந்து குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை, நான்கு சக்கரங்களின் இரும்புத் துண்டுகள் வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பதைவிட வேகமாக வாங்கினால் அவை பழுக்கக் காயும்.

அப்போது இரண்டு வகைத் தொல்லைகள் நேரும். முதலாவது, பிரேக் லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகி அதன் உராய்வுத் திறன் குறைவது. அப்போது பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி நிற்காது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதித்துவிடுவது. பெடலில் கால் தரும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது இந்த ஆயில்தான். மூடிய திரவத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியே இங்கு வேலை செய்கிறது. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றினால், நாம் மிதிக்கும் மிதி குமிழிகளை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல உள்ளே போகும்.

எங்கள் வண்டிக்கு நேர்ந்தது எது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பட்டறை மெக்கானிக் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டார். "இறங்கும்போது எந்தக் கியரில் வந்தீர்கள்? பெடல் கெட்டியாக இருந்ததா, மெத்தென்று போனதா? பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" ஓட்டுநரின் பதில்கள்: நான்காவது கியர், மெத்தென்று போனது, மாற்றியதே இல்லை, குறையும்போது ஊற்றிக்கொள்வதுதான்.

மூன்றாவது பதிலில்தான் முடிச்சு இருந்தது. பொதுவாகப் பயன்படும் பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்தைச் சேர்ந்த புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஏறக்குறைய 4 சதவீதம் நீர் சேர்ந்த பின் அந்த எல்லை 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. சமவெளியில் ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. மலையிறக்கத்தில்தான் தெரியும், அதுவும் மிகவும் தாமதமாகத் தெரியும்.

"அப்படியானால் ஒரு மணி நேரத்தில் சரியானது எப்படி?" என்று கேட்டேன். "ஆவி குளிர்ந்து மறுபடியும் ஆயிலாகிவிட்டது சார். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. இன்னொரு மலையில் மறுபடியும் வரும். தானாக வந்து தானாகப் போகும் கோளாறைத்தான் நான் அதிகம் நம்பமாட்டேன்" என்றார் அவர்.

இதற்கு மருந்து என்ன? பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்பி, குழாய்களில் காற்று இல்லாமல் செய்ய வேண்டும். வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள காலத்தில், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இதை மாற்றிவிடுவது நல்லது. குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்வது மருந்தாகாது. தேய்ந்த லைனிங்குகளையும் மாற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து ஓட்டுநரின் கையில் இருக்கிறது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். தாழ்ந்த கியரில் சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கும். எஞ்சினின் உள் உராய்வும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் ஆற்றலின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டர் இருக்கிறது. பிரேக்குக்கு அப்படி ஒன்றும் இல்லை.

டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவோரும் உண்டு. இது மிகப் பெரிய தவறு. பிரேக்கை மிதிக்கும் விசையைப் பெருக்கித் தருவது ஒரு வெற்றிட அறை. எஞ்சின் ஓடினால்தான் அதில் வெற்றிடம் உண்டாகும். எஞ்சின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பின் பெடல் கல்லைப் போல இறுகிவிடும்.

இன்னொரு செய்தியையும் கவனித்தீர்களா? ஆயில் கொதித்த பிறகும் ஹேண்ட் பிரேக் வேலை செய்தது. இவ்வகை வண்டிகளில் அது ஆயிலை நம்பாமல் இரும்புக் கம்பி மூலம் பின் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி இருக்கட்டும் என்பதே அதைச் செய்தவர்களின் எண்ணம்.

மூடியைத் திறக்காதீர்கள்!

இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை என்றால், ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டரில் மோதும் காற்று குறைவு. எஞ்சின் செய்யும் வேலையோ அதிகம். சூடுகாட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். முன்புறம் ஆவி கிளம்பும்.

ரேடியேட்டரின் மூடி சாதாரண மூடி அன்று. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது பிரஷர் குக்கரில் நாம் காணும் உண்மை. வளிமண்டல அழுத்தத்தைப் போல இரு மடங்கில் நீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். உள்ளே 8 லிட்டர் நீர் 115 டிகிரியில், கொதிக்காமல் இருப்பதாகக் கொள்வோம். இப்போது யாரோ அவசரப்பட்டு மூடியைத் திறக்கிறார். அழுத்தம் சட்டென்று குறைகிறது. 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கும். கணக்கிட்டால் 200 கிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாகும். அது 300 லிட்டருக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும்! அந்த ஆவி, கொதிநீரையும் சேர்த்துக்கொண்டு, திறந்தவரின் முகத்தில்தான் பாயும். கண்ணை இழந்தவர்கள் உண்டு. எனவே எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது. யாராவது தொடப்போனாலும் தடுக்க வேண்டும்.

சூடேறுவதற்குக் காரணங்கள் பல. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். ரப்பர் ஹோஸ் வெடித்து நீர் கசியலாம். பெல்ட் தளர்ந்து நீர்ப் பம்பு சரியாகச் சுழலாமல் இருக்கலாம். தெர்மோஸ்டாட் என்னும் வால்வு மூடியபடியே நின்றுவிடலாம். இந்த வால்வுக்குள் ஒரு வகை மெழுகு இருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறந்துவிடும்.

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது. எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் பிடிப்பதால் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். அடைத்த தகடுகளும் அப்படியே இருக்கும். கையேட்டில் கூறிய குளிர்விப்புத் திரவத்தை ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்தால், உள்ளே துருவும் உப்பும் படிந்து மீண்டும் அதே தொல்லைதான்.

ஏறும்போது வரும் வாசனை

மலை ஏறும்போதும் சில சமயம் கருகல் வாசனை வரும். அது பிரேக்கிலிருந்து வருவதில்லை, கிளட்சிலிருந்து வருவது. வாசனை ஏறக்குறைய ஒன்றுதான். ஏனெனில் இரண்டிலும் தேய்வது ஒரே வகை லைனிங். ஏறும்போது வந்தால் கிளட்ச், இறங்கும்போது வந்தால் பிரேக் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் இணைக்கும்போது சிறிது நேரம் வழுக்கல் தேவை. கிளட்ச் பிளேட் அதற்காகவே இருக்கிறது. ஆனால் வண்டிகள் நெருக்கி நிற்கும் மேட்டில், பிரேக்கைப் பயன்படுத்தாமல் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் என்ன ஆகும்? 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையுடன், நிமிடத்துக்கு 1500 சுற்று வழுக்கினால், நொடிக்கு 15,000 ஜூலுக்கு மேல் வெப்பம் உண்டாகும். அதாவது, 1 கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினைந்தை ஒன்றாக அந்தப் பிளேட்டின் மேல் வைத்ததற்குச் சமம்!

எஞ்சின் உறுமுகிறது, ஆனால் வண்டி அதற்கேற்ப முன்னேறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகத்தையும், எஞ்சினின் ஆயில் சீல் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்துதான் பிளேட் வழுக்கியது என்றால், புதுப் பிளேட்டும் விரைவில் வழுக்கும்.

இரும்புக்கும் களைப்பு உண்டு

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். ஒருமுறை வளைத்தால் உடையாது. பல முறை வளைத்தால் உடைந்துவிடும். உடைந்த முனையைத் தொட்டுப் பார்த்தால் சூடாகவும் இருக்கும். விசை பெரிதாக இல்லாவிட்டாலும், திரும்பத் திரும்பச் செயற்பட்டால் உலோகத்தில் நுண்ணிய விரிசல் தோன்றி வளர்ந்து, ஒருநாள் முறியும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

1842ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குச் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நன்றாக இருந்த அச்சு ஏன் முறிய வேண்டும் என்று அறிஞர்கள் சிந்தித்தனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைப் பல்லாயிரம் முறை சுழற்றி வளைத்துச் சோதித்து, இந்தச் சோர்வின் இயல்பை விளக்கினார்.

ஜீப்பின் பின்புறப் பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து நிமிர்கிறது. அடுக்கின் நடுவில் எல்லாப் பட்டைகளையும் சேர்க்கும் ஒரு போல்ட்டுக்காகத் துளை போடப்பட்டிருக்கும். தகைவு குவிவது அந்தத் துளையின் ஓரத்தில்தான். ஆகவே விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் துளையருகே வளைவு மிகுந்து, பட்டை இன்னும் விரைவில் முறியும். நடு போல்ட்டே அறுந்துபோனால் பின் அச்சு நகர்ந்து, வண்டி நண்டைப் போலச் சாய்ந்து ஓடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? அந்தப் பக்கத்துப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். முறிந்த பட்டையை மாற்றினால் மட்டும் போதாது. சிறிது தூரம் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் படிந்து உட்காரும்போது போல்ட்டுகள் தளரும்.

"டக்" என்னும் ஓசை

வண்டி புறப்படும்போதும், ரிவர்ஸ் கியர் போடும்போதும் அடியிலிருந்து "டக்" என்று ஓர் ஓசை கேட்டால், மெக்கானிக்குகள் "கிராஸ் போய்விட்டது" என்பார்கள். இந்தக் கிராஸ் கூட்டல் குறி வடிவமுள்ள ஓர் எஃகுத் துண்டு. எஞ்சின் சட்டத்தோடு நிலையாக இருக்கிறது. பின் அச்சோ ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு, சுழன்றுகொண்டே சாயவும் வேண்டும். அதற்குத்தான் தண்டின் இரு முனைகளிலும் இந்த இணைப்பு. ஸ்பிரிங் விதியைக் கண்ட ராபர்ட் ஹூக்கை அறிவீர்கள் அல்லவா? 17ஆம் நூற்றாண்டில் இந்த இணைப்பைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். இன்றும் இதற்கு ஹூக் இணைப்பு என்ற பெயர் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. தண்டு சாய்ந்திருக்கும்போது ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. சாய்வு 20 டிகிரி என்றால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் சுமார் 6 சதவீதம் கூடிக் குறையும். தண்டின் மறுமுனையிலுள்ள இரண்டாவது இணைப்பு இந்தக் கூடுதல் குறைவைச் சரிசெய்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேராக இருக்க வேண்டும். கிராஸ் மாற்றுவதற்காகத் தண்டைக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது பல் மாறிவிட்டால், புதுக் கிராஸ் போட்ட பின் வண்டி முன்னைவிட அதிகமாக அதிரும்! நல்ல மெக்கானிக் கழற்றுவதற்கு முன்பே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோட்டின் விலை ஒன்றுமில்லை. அதன் பயனோ பெரிது.

கிராஸ் கெடுவதற்கு முக்கியக் காரணம் கிரீஸ் வறண்டு போவதுதான். சேற்றிலும் வெள்ளத்திலும் ஓடிய வண்டிக்குக் கிரீஸ் அடிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

40 கிராம் செய்யும் வேலை

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது ஸ்டீரிங் நடுங்குகிறது. வேகம் கூடினாலோ குறைந்தாலோ நடுக்கம் நின்றுவிடுகிறது. இதுவும் அடிக்கடி கேட்கும் புகார். சக்கரத்தின் வளையத்தில் ஒரு பக்கம் 40 கிராம் எடை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். அந்த வேகத்தில் இவ்வகை வண்டியின் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுழலும். அப்போது அந்த 40 கிராம், சக்கரத்தைச் சுமார் 3 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் நொடிக்குப் பத்து முறை சுண்டி இழுக்கும். முன் அச்சும் ஸ்டீரிங் அமைப்பும் இயல்பாக அதிரும் வேகமும் அதுவே என்றால் ஒத்ததிர்வு ஏற்பட்டு நடுக்கம் பெரிதாகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதைப் போன்றதுதான் இது.

சக்கரத்தைச் சமன் செய்து, எதிர்ப்பக்கத்தில் சிறு எடை ஒட்டினால் நடுக்கம் நிற்கும். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஸ்டீரிங் தண்டுகளின் பந்து மூட்டுகள் தேய்ந்து தளர்ந்திருந்தால், சிறிய இழுப்பும் பெரிய ஆட்டமாகும். எடையை மட்டும் ஒட்டி அனுப்பினால் நடுக்கம் மறையும். தளர்ந்த மூட்டு மறையாது. அது ஒருநாள் கழன்றால் ஸ்டீரிங் பேச்சைச் சக்கரம் கேட்காது.

மூன்று கேள்விகள்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆறிய பின் பிடித்த பிரேக், கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட், எடை ஒட்டிய சக்கரம்: இவை அனைத்திலும் அடையாளம் மறைந்தது, காரணம் மறையவில்லை. அடையாளத்தை மட்டும் போக்குவது அரை ரிப்பேர். அதனால்தான் அந்த மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்டார்.

எப்போது வருகிறது? எப்படித் தெரிகிறது? இதற்கு முன் என்ன செய்தோம்? இந்த மூன்று கேள்விகளும் ஆய்வுக்கூடத்தில் நாம் கேட்பவைதாம். அவர் கல்லூரிக்குச் சென்றதில்லை என்றார். ஆனால் விஞ்ஞான முறையில்தான் அவர் வேலை செய்தார். ஜன்னலை மூடச் சொன்ன எனக்கோ பட்டங்கள் இருந்தன!

உங்கள் வயதில் நீங்கள் வண்டியின் அடியில் படுத்து ரிப்பேர் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. ஆனால் உங்களுக்கு மூக்கும் காதும் கண்ணும் இருக்கின்றன. அடுத்த சுற்றுலாவில் மலையிறங்கும்போது கருகல் வாசனை வந்தால் வெட்கப்படாமல் உரக்கச் சொல்லுங்கள்: "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள், பிரேக் ஆறட்டும்." பெரியவர்கள் கண்ணாடியை ஏற்றச் சொன்னாலும் இன்னொரு முறை சொல்லுங்கள். நிறுத்திய பின், சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் இரும்பு விரிசல் விடலாம். காற்றில் தானே ஆறட்டும்.

கடைசியாக, நீங்கள் சிந்திக்க ஒரு கணக்கு. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 15 கிலோகிராம் சைக்கிளில், பிரேக்கைப் பிடித்தபடியே 20 மீட்டர் உயரமுள்ள மேட்டிலிருந்து சீராக இறங்குகிறார். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 30 டிகிரியிலுள்ள ஒரு குவளை தண்ணீரின், அதாவது 200 கிராமின், வெப்பநிலை எவ்வளவு உயரும்? கணக்கிட்ட பின், அப்படி இறங்கிய ஒரு சைக்கிளின் சக்கர வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். விடை உங்கள் விரலிலேயே இருக்கும்.